விசைக்கு ஒரு சுவர்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். அப்படி ஒரு உத்தரவு வந்த வாரம், பெரியப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மதுரை காளவாசல் சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். பெரியப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்திலேயே உரிமம் எடுத்து ஒரு .32 பிஸ்டல் வாங்கியிருந்தார். அன்று அதைக் கைக்குட்டையில் சுற்றி, வேட்டிமேல் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டின் பணப்பைக்குள் செருகியிருந்தார்.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி கிளம்பிய குலுக்கலில் அவர் சற்றுச் சரிந்து உட்கார்ந்தார். பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கைக்குட்டை ஒரு பக்கம், பிஸ்டல் ஒரு பக்கம், தார்ச் சாலையில் கிடந்தன. பக்கத்து வண்டியில் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிஸ்டலின் குழல் அந்த வண்டியைப் பார்த்துக் கிடந்தது.

எதுவும் நடக்கவில்லை. மேகசினைக் கழற்றிச் சட்டைப் பையில் தனியே வைத்திருந்தார் பெரியப்பா. குழலுக்குப் பின்னால் தோட்டா உட்காரும் அறையும் காலி. பட்டாளப் பழக்கம் அன்று காப்பாற்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நெடுநாள் மறக்கவில்லை. பாக்கெட்டில் வைக்கும் சின்ன பிஸ்டலுக்கு எப்படிப்பட்ட உறை வேண்டும் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தேடியபோது எனக்குப் புரிந்தது இது: உறை என்பது துப்பாக்கியை வேகமாக உருவுவதற்கான சாதனம் அல்ல. விரலைத் தவிர வேறெதுவும் விசையைத் தொடாமல் தடுக்கும் சுவர் அது. மற்ற குணங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

நம் சட்டமும் இதைச் சொல்லியிருக்கிறது. பலருக்கு அது தெரியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016 ஜூலையில் வெளியான ஆயுத விதிகளின்படி, கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதென்றால் அதற்கென்றே செய்யப்பட்ட உறையில், உடலோடு பொருத்திக் கொண்டுபோக வேண்டும். அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் வைக்க வேண்டும். எப்படியானாலும் அது முழுக்க மூடியிருக்க வேண்டும், எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அப்படியானால் கைக்குட்டையில் சுற்றுவதும் இடுப்பில் செருகுவதும் ஆபத்து மட்டுமல்ல, விதிமீறலும் கூட. பாக்கெட் உறை வாங்குபவர் ‘உடலோடு பொருத்தி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் சும்மா கிடக்கும் உறையை விட, பாக்கெட்டின் விளிம்போடு பொத்தானோ வாரோ கொண்டு பிணைக்கிற உறையே அந்தச் சொல்லுக்கு நேர்மையாக அடங்கும் என்பது என் எண்ணம். சந்தேகம் இருந்தால் உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பாக்கெட் பிஸ்டல் என்ற பொருளே நம் ஊர் உடைக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1899இல் பெல்ஜியத்து எஃப்.என். ஆலைக்காக .32 தோட்டாவையும் அதைச் சுடும் பிஸ்டலையும் வடிவமைத்தார். சில ஆண்டுகளில் அதைவிடச் சிறிய .25 தோட்டாவும், ஏறக்குறைய அரைச் சாண் நீளமும் 400 கிராமுக்குக் குறைந்த எடையும் கொண்ட பிஸ்டலும் வந்தன. கோட்டுக்கு உள்ளே அணியும் கையில்லாச் சட்டையின் பையில் அடங்கும் என்று சொல்லியே அதை விற்றார்கள். கனத்த கம்பளித் துணி, உள்ளே தடித்த உட்துணி, இறுக்கமான சின்னப் பை, வியர்க்காத உடம்பு. அந்தக் குளிர்நாட்டுச் சூழலில் துணியே பாதி உறையாக நின்றது. அந்த ஆலையின் கைத்துப்பாக்கிகள் வெகுசீக்கிரம் நம் பக்கமும் வந்து சேர்ந்தன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால்தான்.

இன்று இந்தியாவில் சாதாரண உரிமத்தில் கிடைக்கும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .32 அல்லது .22 அளவு. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014இல் கொண்டுவந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் அரைக் கிலோ எடை. 2023இல் வந்த ‘பிரபல்’ 700 கிராம். ஒரு பெரிய கைபேசி 200 கிராம்தான் இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், பாக்கெட்டில் அரைக் கிலோ என்பது எவ்வளவு கனம் என்று புரியும்.

அந்தக் கனத்தை நம் உடையில் எங்கே வைப்பது? சட்டைப் பை தாங்காது, குனிந்தால் விழுந்துவிடும். வேட்டி கட்டும் பெரியவர்கள் பணம் வைப்பது பெல்ட்டின் பையில், இல்லையென்றால் பட்டாபட்டி டவுசரின் ஆழமான பையில். பணத்துக்கு அவை அருமையான இடம். பிஸ்டலுக்கு மிக மோசமான இடம். தளர்ந்த துணியில் தொங்கும் கனமான பொருள் ஊசல் மாதிரி ஆடும். ஒவ்வொரு எட்டுக்கும் முன்னும் பின்னும் போய் வரும், தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும். பிஸ்டலில் தோட்டாக்கள் நிறைந்த மேகசின் பிடிக்குள் இருப்பதால் எடையின் மையம் பிடிப் பக்கம் இறங்கியிருக்கும். எனவே உறையில்லாமல் பையில் போட்டால் பிடி கீழே சரிந்து, குழல் மேலே திரும்பிவிடும். மேலே இருப்பது அவரவர் வயிறு. உறையின் முதல் வேலை, பையின் அகலத்தை நிரப்பி இந்தச் சுழற்சியை நிறுத்துவது. அடிப்பக்கம் அகன்றும் மேலே குறுகியும் உறைகளை வெட்டுவது இதற்காகத்தான்.

எது உள்ளே வந்து விசையை அழுத்தும் என்பதை இனிப் பார்ப்போம்.

ரிவால்வரின் பின்பக்கத்துச் சுத்தியலை முன்கூட்டி இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுடுவதற்கு ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கும் பலம் தேவை. சுத்தியலை இழுத்து வைத்துவிட்டால் அது 2 கிலோவுக்குப் பக்கமாக இறங்கிவிடும். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் இரண்டரைக் கிலோ போதும். விசை நகர வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர். இறுக்கமான பேண்ட் போட்டு ஸ்கூட்டரில் உட்காரும்போது, தொடைக்கும் துணிக்கும் நடுவே சிக்கிய ஒரு வண்டிச் சாவியின் முனையில் எவ்வளவு அழுத்தம் விழும்? உட்கார்ந்து எழுந்தபின் தொடையில் சாவியின் அச்சு பதிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். அந்த முனை விசையைச் சுற்றிய வளையத்துக்குள் புகுந்திருந்தால் துப்பாக்கிக்கு அது விரலா சாவியா என்று தெரியாது. பிஸ்டல் இருக்கும் பாக்கெட்டில் வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. சில்லறை, சாவி, பேனா, சீட்டு, பாக்குப் பொட்டலம் எதுவும் கூடாது.

முன்பாக்கெட்டில் இருக்கும் குழல் எதைப் பார்க்கிறது என்பதையும் நினைக்க வேண்டும். நிற்கும்போது அது தொடையை ஒட்டித் தரையைப் பார்க்கும். உட்கார்ந்தால் தொடையின் வழியாக முழங்காலைப் பார்க்கும். தொடையின் உட்பக்கமாக இறங்கும் தமனி, காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய குழாய். அது அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகும் அளவுக்கு இரத்தம் வெளியேறிவிடும்.

அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர் பிளாக்ஸிகோ பரெஸ் 2008 நவம்பரில் நியூயார்க்கின் ஒரு கேளிக்கை விடுதிக்குப் போனபோது, பிஸ்டலை உறையில்லாமல் கால்சட்டை இடுப்பில் செருகியிருந்தார். அது நழுவிக் கீழே இறங்கியது. பிடிக்கப் போனார். வெடித்துத் தொடையில் பாய்ந்தது. உயிர் தப்பினார், ஆனால் சிறைக்குப் போனார். நழுவும் பொருளைக் கை தானாகப் பிடிக்கப் போகும். அப்போது மடங்கும் விரல் விசையில் கொக்கி போல மாட்டலாம். துப்பாக்கி விழுந்தால் விழட்டும், பிடிக்கப் போகாதே என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

விழவிட்டாலும் எல்லாத் துப்பாக்கிகளும் சமம் அல்ல. 2024 அக்டோபர் 1 விடியற்காலையில் மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், உரிமம் பெற்ற தன் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனார். கை தவறி விழுந்த ரிவால்வர் வெடித்துக் காலில் குண்டு பாய்ந்தது என்று செய்திகள் வந்தன. கீழே விழுந்தால் ஏன் வெடிக்க வேண்டும்? தோட்டாவின் அடியில் சின்னக் கிண்ணம் போல ‘பிரைமர்’ இருக்கிறது. அதற்குள் ஈயச் சேர்மம் கலந்த, அடிபட்டால் தீப்பிடிக்கும் பொருள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால் தீப்பொறி. அதிலிருந்து வெடிமருந்து எரிந்து வாயு விரிந்து குண்டு கிளம்பும். அரைக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழும்போது நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும்; அதன் ஆற்றல் ஏறக்குறைய 5 ஜூல். பழைய வகை ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியலின் மூக்கு எப்போதும் பிரைமரின் மேலேயே படிந்திருக்கும். சுத்தியல் பக்கமாக விழுந்தால் அந்த அடி முழுக்கப் பிரைமரின் ஒரு புள்ளியில் இறங்கும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டார்கள். நவீன வகைகளில் விசையை முழுக்க இழுத்தால் ஒழியச் சுத்தியலின் அடி ஊசியை எட்டாதபடி ஒரு அமைப்பு தடுக்கும். பல பிஸ்டல்களில் ஊசியே சுருள்வில்லால் பின்னுக்கு இழுக்கப்பட்டிருக்கும்; விழும்போது சில கிராம் எடையுள்ள அந்த ஊசி மட்டுமே முன்னால் பாய முயலும், அதன் ஆற்றல் மிகச் சிறிது. தாத்தா காலத்து ஆயுதம் வீட்டில் இருந்தால், அது எந்த வகை என்று துப்பாக்கி பழுது பார்க்க உரிமம் உள்ளவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது உறை வாங்குவதற்கும் முந்திய வேலை.

இனி உறை செய்யும் பொருள். இதில் நம் பக்கத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மதுரையில் இருந்து அறுபது கிலோமீட்டர் வடக்கே திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளில், ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடி கழற்றி, பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் வாரக்கணக்கில் போட்டுப் பதனிட்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை வைத்து டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. இப்படி மரப்பட்டையில் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் ‘ஈ.ஐ. தோல்’ என்ற பெயரில் கப்பலேறி உலகச் சந்தைக்குப் போனது; இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. வேதிப்பொருளான குரோமியத்தில் பதனிடும் முறை வந்தபின் பட்டைத் தோலின் இடம் சுருங்கியது. துப்பாக்கி உறைக்கு மட்டும் இன்றும் பட்டைத் தோல்தான் சரி. அதன் காரணம் மூலக்கூறுகளில் இருக்கிறது.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். மூன்று சரடுகளை முறுக்கிய கயிறு மாதிரி ஒவ்வொரு இழையும் இருக்கும். பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், இந்த இழைகளின் இடைவெளியில் புகுந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொண்டு இடத்தை நிரப்புகிறது. தனித்தனியே பார்த்தால் இந்தப் பிணைப்புகள் வலுவற்றவை. கோடிக்கணக்கில் சேரும்போது வலுவானவை. தண்ணீர் பட்டால் அவை நெகிழும். ஈரத் தோலை ஒரு பொருளின் மேல் அழுத்திப் பிடித்து உலரவிட்டால், நீர் வெளியேறியதும் பிணைப்புகள் புது இடத்தில் மீண்டும் பற்றிக்கொள்ளும். தோல் அந்த வடிவத்திலேயே விறைத்து நின்றுவிடும். குரோமியத்தில் பதனிட்ட தோலில் உலோக அணுக்களே இழைகளைப் பிணைத்திருப்பதால் அது கொதிநீரைக் கூடத் தாங்கும், மெத்தென்று இருக்கும். ஆனால் ஈரத்தில் கொடுத்த வடிவத்தைப் பிடித்து வைக்காது. கைப்பைக்கும் செருப்பின் மேல்தோலுக்கும் அது நல்லது. விசைக்கு முன்னால் நிற்க வேண்டிய சுவர் மெத்தென்று இருந்து என்ன பயன்?

பெரியப்பாவும் நானும் தேர்தல் முடிந்தபின் பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பெல்ட்டும் கைபேசி உறையும் தைக்கும் பெரியவரிடம் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

“ஐயா, சாமானை இங்க கொண்டு வந்துராதீக. ஆசாரிகிட்டச் சொல்லி அதே அளவுக்கு மரத்துல ஒண்ணு செஞ்சு வாங்கிட்டு வாங்க. எனக்கு அது போதும்.”

“பட்டைத் தோல் கிடைக்குமாய்யா?” என்று பெரியப்பா கேட்டார்.

“திண்டுக்கல் பட்டைத் தோல் கொஞ்சம் வச்சிருக்கேன். குரோம் தோலுல தைக்கலாம், பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆறு மாசத்துல வாய் மடங்கிரும். மடங்குன தோலு உள்ள போயி எதையாச்சும் அமுக்குனா?”

எதைப் படித்தும் தெரிந்துகொண்டவர் அல்ல அவர். ஆனால் உறைகளைப் பற்றி உலகம் முழுக்கத் தரப்படும் எச்சரிக்கைகளில் முக்கியமானதை அவர் சொல்லிவிட்டார். பழசாகி நைந்த தோல் உறையின் வாய் உள்பக்கமாக மடங்கி, துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது அந்த மடிப்பே விசை வளையத்துக்குள் விரல் போல நுழைந்து வெடித்த சம்பவங்கள் உண்டு. அதனால் வாயைச் சுற்றி இரண்டாவது ஒரு தோல் பட்டை வைத்து இரட்டையாகத் தைப்பார்கள். உறை பாக்கெட்டில் இருக்கும்போதே துப்பாக்கியை அதற்குள் செருகக் கூடாது என்பதும் இதனால்தான். உறையை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்து, துப்பாக்கியை உள்ளே வைத்து, பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உறையோடே வெளியே எடுக்க வேண்டும். துப்பாக்கி உறையில்லாமல் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

மரப் பிஸ்டலின் மேல் ஈரத் தோலை வைத்து, மழுங்கிய கொம்புத் துண்டால் விசை வளையத்தைச் சுற்றி அழுத்தி அழுத்தி அவர் வடிவம் எடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிழலில்தான் காயப் போட்டார். பட்டைத் தோல் நனைந்திருக்கும்போது எண்பது டிகிரி வெப்பத்தை ஒட்டியே சுருங்கிவிடும். அவசரப்பட்டு அடுப்பில் காட்டினால் கருகிய இலை மாதிரி ஆகிவிடும். தோலின் வழவழப்பான மேல்பக்கத்தை உள்ளே வைத்து, சொரசொரப்பான சதைப்பக்கத்தை வெளியே விட்டார். அதிலும் இயற்பியல் இருக்கிறது. துப்பாக்கியை எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே நிற்க வேண்டும். அதற்கு உறைக்கும் துணிக்கும் நடுவிலான உராய்வு, உறைக்கும் உலோகத்துக்கும் நடுவிலான உராய்வை விட அதிகமாக இருக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பேண்ட் பலவற்றின் பாக்கெட் உட்துணி வழுக்கும் பாலியஸ்டர். அதில் சொரசொரப்பு மட்டும் போதாது. உறையின் ஓரத்தில் கொக்கி மாதிரி ஒரு நீட்சி வைத்து, அது பாக்கெட்டின் வாயில் மாட்டிக்கொள்ளும்படி வெட்ட வேண்டும். பாக்கெட்டையே தடித்த பருத்தி டிரில் துணியில் மாற்றித் தைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எந்தத் தையற்காரரும் ஒரு மணி நேரத்தில் செய்துதரும் வேலை அது.

தோலுக்குக் குறையும் உண்டு. அதில் அமிலம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, ஈரத்தை இழுத்து வைக்கும் குணம் இருக்கிறது. தோட்டாவின் கூடு பித்தளை. அதில் பெரும்பங்கு செம்பு. கழுவாமல் விட்ட குத்துவிளக்கில் பிடிக்கிற அதே பச்சைக் களிம்பு, தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்த தோட்டாவிலும் பிடிக்கும். களிம்பு ஏறிய தோட்டா அறைக்குள் சிக்கிக்கொள்ளலாம். அதனால் தோல் உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும். பூட்டி வைக்கும்போது துப்பாக்கி வேறு, உறை வேறு, தோட்டா வேறு. தேர்தலுக்காக ஒப்படைக்கும்போதும் தோல் உறைக்குள் வைத்துக் கொடுத்துவிட வேண்டாம். திரும்ப வாங்க மாதங்கள் ஆகும்.

மதுரை வெயில் தோலை விட இரும்புக்குப் பெரிய எதிரி. சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில் தொடையில் வழியும் வியர்வையின் ஒவ்வொரு லிட்டரிலும் ஒன்று முதல் சில கிராம் வரை உப்பு இருக்கும். நீர் ஆவியாகிவிடும்; உப்பு தங்கிவிடும். துப்பாக்கி உலோகத்தின் கருநீலப் பூச்சு என்பது இரும்பின் கரிய ஆக்சைடு, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய படலம். எண்ணெயைப் பிடித்து வைக்கும் வரைதான் அது காக்கும். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தை உப்பின் குளோரைடு அயனிகள் ஊசி குத்தின மாதிரி துளைக்கும். ஆகவே உறையில் உடம்பை ஒட்டிய பக்கத்துச் சுவர் துப்பாக்கியின் முழு உயரத்துக்கும் எழும்பி நிற்க வேண்டும். பருத்தித் துணியின் பஞ்சுத் தூசு இன்னொரு தொல்லை. எண்ணெயோடு சேர்ந்து அது பசையாகி, ஊசியின் துளையில் போய் அடையும். வாரம் ஒருமுறை தோட்டாக்களை அகற்றித் துடைப்பது அழகுக்காக அல்ல.

பிளாஸ்டிக் உறைகள் இந்தத் தொல்லை எதையும் அறியாதவை. 1960களில் விமான உட்புறங்களுக்காக உருவான ‘கைடெக்ஸ்’ என்ற தகட்டைச் சூடாக்கித் துப்பாக்கி வடிவத்தில் அழுத்திச் செய்கிறார்கள். விசையின் மேல் அது கல் மாதிரி நிற்கும். வியர்வை குடிக்காது. கழுவிக் காயவைத்தால் போதும். நம் வெப்பத்துக்கு என்னைக் கேட்டால் தோலை விட இதையே முதலில் சொல்வேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டு எழுபது டிகிரியைத் தொடலாம், அந்தச் சூட்டில் இந்தத் தகடு இளகி வடிவம் மாறத் தொடங்கலாம். மாறிய வடிவம் கண்ணுக்குத் தெரியாமல் விசையை உரசலாம். மற்றொன்று, ஒரு மாடலுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. ‘ஏறக்குறைய பொருந்தும்’ என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் மதிப்பில்லை.

துணியாலும் ரப்பர் நுரையாலும் செய்த மெத்தென்ற உறைகள்தான் விலை மலிவாக, எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுகின்றன. எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை இல்லை. வெளியில் இருந்து விரலால் அழுத்தினால் விசை நகரும் உறை, உறையே அல்ல. அதேபோல் பணப்பை வடிவத்தில், உள்ளிருந்தபடியே சுடுவதற்கு விசையைத் திறந்துவிட்டிருக்கும் உறைகளும் உலகில் உண்டு. அமெரிக்கச் சட்டமே அவற்றைச் சாதாரணத் துப்பாக்கியில் இருந்து பிரித்துக் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எவ்வளவு நல்ல உறையும் உரிமத்தின் நிபந்தனையை மாற்றாது. சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கும், ஊர்வலத்துக்கும், பொதுக்கூட்டத்துக்கும், பள்ளி கல்லூரி வளாகத்துக்கும் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்று உரிமப் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் அது யாருடைய பாக்கெட்டிலும் இருக்கக் கூடாது. நெருக்கடியில் தோளோடு தோள் உரசும் இடத்தில், பாக்கெட்டுக்குள் நுழைவது சொந்தக் கை மட்டுமல்ல.

பெரியப்பா இப்போது பிஸ்டலை வெளியே எடுத்துச் செல்வது, சோதனைக்கும் ஒப்படைக்கவும் போகும்போது மட்டும். அறை காலியாக, மேகசின் தனியாக, பட்டைத் தோல் உறைக்குள், வாரால் பிணைத்து, டிரில் துணிப் பாக்கெட்டில் வைத்துப் பேண்ட் போட்டுக்கொண்டு வருகிறார். அந்த நாட்களில் மட்டும் வேட்டி கட்டுவதில்லை.

உங்கள் வீட்டில் உரிமம் பெற்ற சின்னத் துப்பாக்கி இருந்தால் இன்று ஒரு வேலை செய்யுங்கள். தோட்டாக்கள் அனைத்தையும் அகற்றி வேறு அறையில் வையுங்கள். துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பாருங்கள். பிறகு துப்பாக்கியை அதன் உறைக்குள் வைத்து, விசை இருக்கும் இடத்தை வெளியில் இருந்து கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். தலைகீழாகப் பிடித்து மெத்தையின் மேல் மெல்லக் குலுக்குங்கள். விசை அசைந்தாலோ துப்பாக்கி நழுவினாலோ, அந்த உறையைக் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். புதிது வரும் வரை துப்பாக்கி பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.